வேலுச்சாமி மாட்டிய பூஸ்ட் மீட்டர்

"அண்ணா, எதை வேணும்னாலும் கழட்டிப் பாருங்க. அந்த மீட்டர மட்டும் தொட்டுப்போடாதீங்க."

சாந்தாமணி சாவியை என் கையில் கொடுக்கும்போது முதலில் சொன்னது இதைத்தான். காலை நேரம். பட்டறை வாசலில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. பக்கத்து நிட்டிங் கம்பெனியிலிருந்து பறந்து வந்த பஞ்சு அந்த ஈரத்தில் ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது.

சின்ன சிவப்புக் கார். பெட்ரோல் எஞ்சின், டர்போ வைத்தது. முன்கண்ணாடியை ஒட்டிய தூணில், ஓட்டுபவர் கண்ணுக்கு நேராக, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் வட்டமான ஒரு பூஸ்ட் மீட்டர். வண்டியோடு வந்ததல்ல, பிறகு மாட்டியது. ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம் அதன் விளிம்பில் காய்ந்து உதிர்ந்திருந்தது.

மாட்டியவர் அவர் கணவர் வேலுச்சாமி. ஆடி மாதத்தில் ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். சாகிற வயசே இல்லை. (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் திருப்பூரில் யாரும் யாருக்கும் தெரியாதவர்கள் இல்லை.)

"வண்டிக்கு என்ன செய்யுது அம்மணி?"

"சூடாச்சுன்னா நின்னு போகுதுங்க. சிக்னல்ல நிக்கறப்ப உதறும், அப்பறம் பொசுக்குன்னு அணைஞ்சு போகும். ஆனா அது வண்டிக் கோளாறா, எங்கோளாறான்னுதான் தெரியலீங்க."

இப்படி ஒரு கேள்வியோடு யாரும் என் பட்டறைக்கு வந்ததில்லை. வருகிறவர்கள் எல்லாரும் வண்டியைத்தான் குற்றம் சொல்வார்கள், இல்லாவிட்டால் முன்பு பார்த்த மெக்கானிக்கை.

மேம்பாலத்தில்

வேலுச்சாமியின் தொழில் ஜாப் ஒர்க். கம்பெனிகளில் வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாக வாங்கி, குன்னத்தூரிலும் சேவூரிலும் வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கும் பெண்களிடம் கொடுத்து, தைத்ததைத் திருப்பி வாங்கிச் சேர்ப்பது. அவர் போன பிறகு சாந்தாமணி அதை விடவில்லை. கணவர் இருக்கும்போதே கார் ஓட்டப் பழகியிருந்ததால் காரியம் முடங்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பின் சீட்டில் துணிக்கட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

வண்டிதான் வழிவிடவில்லை. போன வாரம் ரயில்வே மேம்பாலத்தின் உச்சியில், நல்ல நெரிசலில், அணைந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தால் உதறி மறுபடி அணைகிறது. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பைக்கில் போனவன் ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "ஓட்டத் தெரியாம எதுக்குங்க எடுத்துட்டு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனானாம். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறான், எங்கள் ஊரில் வைவதும் மரியாதையாகத்தான்.

போன் போட்டதும் கொழுந்தனார் செந்தில் ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது. அவர் எடுத்ததும் வண்டி பூப்போலப் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். "அண்ணி, வண்டியக் குடுத்துப்போடலாமுங்க. இது உங்களுக்கு ஆகாது. குன்னத்தூருக்கும் சேவூருக்கும் நானே போய்ட்டு வந்துக்கறனுங்க."

"அவரு கெட்டவரில்லீங்கண்ணா," என்றார் சாந்தாமணி. "நல்லதுக்குத்தான் சொல்றாரு. ஆனா போறது வாறது அவருன்னு ஆயிப்போச்சுன்னா, தைக்கறவீங்க அவரு மூஞ்சியத்தான் பாப்பாங்க. தொழில் அவருதாயிரும். நான் ஊட்டுல உக்காந்துக்க வேண்டியதுதான்."

வண்டியை விலைக்குப் பார்க்க வெள்ளிக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு. சாந்தாமணி என்னிடம் வந்த அன்றைக்குத் திங்கள்.

"அதுக்குள்ள பாத்துச் சொல்லிப்போடுங்கண்ணா. கெட்டுப்போனது வண்டியா, நானா? நாந்தான்னாலும் மறைக்காமச் சொல்லுங்க."

நான் பேச்சில் கொஞ்சம் கரடுமுரடு. தெரிந்துதான் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஊசி சொல்வது

பட்டறை அனுபவங்களை நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர், லாரியும் பஸ்ஸுமே எழுதுகிறீர்களே, இந்தக் காலத்துக் கார்களை நீங்கள் தொடுவதில்லையா என்று கேட்டிருந்தார். தொடாமல் என்ன? அந்த பூஸ்ட் மீட்டரை மாட்டச் சொல்லி வாரத்துக்கு ஒரு பையனாவது வருகிறான். மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்க்காமல் ஊசியையே பார்த்துப் போவான். எவன் மேலாவது விட்டுவிட்டு மறுபடி என்னிடமே வருவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் மீட்டர் பொல்லாததல்ல. பார்க்கத் தெரிந்தவனுக்கு அது எஞ்சினின் மூச்சு. மிதித்து ஓட்டும்போது டர்போ காற்றை உள்ளே திணிக்கும், ஊசி மேலே ஏறும். காலை எடுத்து வண்டி சும்மா நின்று ஓடும்போது எஞ்சின் தானே காற்றை உறிஞ்சும். உறிஞ்சுகிற வேகத்தில் ஊசி பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி ஆடாமல் நிற்கும். நிற்க வேண்டும்.

சாந்தாமணியின் வண்டியில் அது நிற்கவில்லை. இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காமல், குளிரில் நடுங்குகிறவன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஓர் ஓட்டை, அது வழியாக வேண்டாத காற்று உள்ளே போகிறது. வேறு அர்த்தமே கிடையாது.

வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டிய ஸ்கேனரும் அதையே சொன்னது. நின்று ஓடும்போது மட்டும் எஞ்சின் அந்த வேண்டாத காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலை அள்ளி அள்ளி ஊற்றுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சரியாகிவிடுகிறது.

ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. முன்பு உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவர், கார் விசில் அடிக்கிறது என்று வந்தார். டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று எவரோ பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். ராத்திரி தோப்பில் நிறுத்திய வண்டி, எலி ரப்பர் குழாயைக் கடித்திருந்தது. அவ்வளவுதான். அந்த மனுஷன் சந்தோஷத்தில் ஒரு மூட்டைத் தேங்காயை இறக்கிவிட்டுப் போனார். பட்டறையில் மாதக் கணக்கில் எல்லார் சட்டினியும் ஒரே சட்டினி.

இந்த வண்டியில் எலி இல்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் புகை செலுத்திப் பார்த்தேன். ஓட்டை இருந்தால் அதன் வழியே புகை கசியும். கசியவில்லை. சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றை அழுத்திப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் போய்விட்டது.

பக்கத்து சீட்டில்

புதன்கிழமை சாந்தாமணியை வரச் சொன்னேன். "நீங்க ஓட்டுங்க அம்மணி, நான் பக்கத்துல உக்காந்து வாரேன்."

வெயில் ஏறும் நேரம், கம்பெனி வண்டிகளும் டெம்போக்களும் நெருக்கியடிக்கும் ரோடு. அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். காலில் அந்த இறுக்கம் இல்லை. அந்தக் காலைத்தான் வழிநெடுகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளட்ச்சைப் பிடிப்பதும் விடுவதும் அத்தனை பதமாக இருந்தது. தையல் மெஷின் மிதித்த காலாக இருக்க வேண்டும், எவ்வளவு மிதிக்க வேண்டுமோ அவ்வளவுதான் மிதித்தது. என்னைக் கேட்டால் என் காலைவிட நல்ல கால்.

சிக்னலில் கியரை எடுத்துவிட்டு, காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார். முறைப்படி செய்ய வேண்டியது அதுதான். வண்டி உதறியது. ஊசி நடுங்கியது. எஞ்சின் அணைந்தது.

"பாத்தீங்களாண்ணா" என்றார். கண் நிறைந்துவிட்டது.

"பாத்தேன் அம்மணி. உங்க காலு எதுலயுமே இல்லையே, அப்புறம் எப்படி உங்க தப்பாகும்?"

திரும்பும்போது நான் ஓட்டினேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. நானும் செந்திலும் மற்ற ஆண்பிள்ளைகளும் சிக்னலில் சும்மா நிற்பதில்லை. வழக்கதோஷம், உர்ர் உர்ர் என்று ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே நிற்போம். எங்கள் மிதியில் வியாதி தெரியவில்லை. ஒழுங்காக ஓட்டியவர் கையில்தான் வண்டி அணைந்தது. ஒழுங்காக ஓட்டியதற்குக் கிடைத்த பேர், ஓட்டத் தெரியாதவள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

நீல டியூப்

கொஞ்சம் பழைய கதை. நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தது கார் ரிப்பேர் பார்க்க அல்ல. ஒரு நிட்டிங் கம்பெனியில் கம்ப்ரஸர் லைன் பார்க்கிற வேலைக்கு. வந்த புதிதில் ஒரு பெண்ணை 'அம்மணி' என்று கூப்பிடவே நாக்கு கூசும். இப்போது ஊருக்குப் போனால் என் தங்கச்சியையே அம்மணி என்று கூப்பிட்டுக் கேலிக்கு ஆளாகிறேன்.

துணி பின்னும் மெஷினில் ஊசிக்கு ஊசி பஞ்சு அடையும். அதை ஊதித் தள்ள ஓயாமல் காற்று வேண்டும். அந்தக் காற்றைக் கம்ப்ரஸரிலிருந்து மெஷினுக்குக் கொண்டுபோவது நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டியூப். கனெக்டரில் சொருகினால் பிடித்துக்கொள்ளும், விளிம்பை அமுக்கினால் விட்டுவிடும். கிளிப் வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம். காற்று எத்தனை வேகமாக அழுத்தினாலும் அசையாது.

எங்கள் ஊரில் அந்த டியூப் இல்லாத வீடு கிடையாது. துணி காயப்போட அதுதான் கொடி. மீன்தொட்டிக்குக் காற்று விட அதுதான். செடிக்குத் தண்ணீர் சொட்டவும் அதுதான். ஒன்று ஒழுகினால், ஒன்று அறுந்தால், திருப்பூர்க்காரன் கை முதலில் அந்த டியூபைத்தான் தேடும். நானும் ஆயுசில் பாதியை அதை இழுத்துக் கட்டியே கழித்தவன். அதனால் எங்கே பார்த்தாலும் அது என் கண்ணில் படுவதே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம், எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் பானெட்டுக்குள் குனிந்திருந்தேன். எல்லா ரப்பரையும் தடவி முடித்தாகிவிட்டது. மிச்சம், அந்த அம்மணி தொட வேண்டாம் என்ற ஒன்றுதான். செத்தவர் கைபட்டதை எடுக்கட்டுமா என்று எந்த வாயால் கேட்பது? மீட்டரைத் தொட வேண்டாம், அதற்குப் போகிற வழியைப் பார்த்தால் என்ன என்று, எஞ்சினுக்குப் பின்னால், இண்டு இடுக்கில் கையை விட்டேன்.

எஞ்சினிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ரப்பர். அதில் ஒரு கனெக்டர். அதிலிருந்து மீட்டர் வரைக்கும் நீல டியூப்.

திங்கள்கிழமையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "மூதி!" என்று என்னையே வைதுகொண்டேன்.

பனியன் வேஸ்ட் துணியை மடித்து வைத்து, பிளையரால் அந்த ரப்பரை இறுக்கிப் பிடித்தேன். உதறிக்கொண்டிருந்த எஞ்சின், அழுத பிள்ளை பால் குடித்த மாதிரி, அப்படியே அடங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தால், மீட்டருக்குப் போகும் வழி அடைபட்டதால் ஊசி பூஜ்யத்தில் கிடந்தது. பிளையரை விட்டேன், உதறல். பிடித்தேன், அமைதி.

கம்பெனியில் காற்று எப்போதும் வெளியே தள்ளுவது. அந்த கனெக்டரின் ரப்பர் விளிம்பு அதற்கென்றே செய்தது, தள்ளத் தள்ள இறுகும். அதனால்தான் என் புகையும் சோப்புத் தண்ணீரும் ஏமாந்தன. எஞ்சின் நின்று ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும். இழுக்கும்போது அதே விளிம்பு எழும்பி வழிவிடும். சூட்டில் டியூப் இளகித் தொங்கினால் கேட்கவே வேண்டாம்.

வேலுச்சாமி கைத்திறமை இல்லாதவர் அல்ல. டியூபை அத்தனை சுத்தமாக ஓட்டி, உரசாமல் கட்டியிருந்தார். திருப்பூர்க்காரர், அவ்வளவுதான்.

டார்ச் பிடித்தவர்

வண்டியில் கோளாறைக் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு குஷி வரும். அன்றைக்கு வரவில்லை. சாந்தாமணி மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும் என்றால், தப்பு யார் மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும். ரப்பர் பழசாகிவிட்டது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டாரே.

சாயங்காலம் வந்ததும் பானெட்டைத் திறந்து, பிளையரால் பிடித்தும் விட்டும் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நீல டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது முன்ன எங்க ஊட்டோட இருந்த தையல் செட்டுக் கம்ப்ரஸர்ல மிச்சமானதுங்க. ஒரு ஞாயித்துக்கெழம மாட்டுனாரு. நாந்தானுங்க டார்ச் புடிச்சேன்."

டியூப் போகும் வழியை மீட்டர் வரைக்கும் கண்ணால் அளந்தார். பிறகு அவரே சொன்னார்.

"எனக்கு ஓட்டப் பழக்குனதே அதுக்கப்பறம்தானுங்க. அப்பவே நான் ஓட்டுனா நின்னு போகும். இவரு பக்கத்துல உக்காந்துட்டு, 'உன்ற காலு இதுக்கு ஆகாது கண்ணு, உட்டுப்போடு'ம்பாரு. நானும் சிரிச்சுக்குவேன். ஆமா, நமக்கு வராதுன்னு நானே முடிவு பண்ணிட்டனுங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா, இதை யாருகிட்டயும் சொல்ல வேண்டாமுங்க. வண்டியப் பத்தின்னா சொந்தக்காரங்க எல்லாரும் அவருகிட்டத்தான் கேப்பாங்க. போனவரு பேரு கெடக் கூடாது. எங்காலாலதான்னே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்ப நாளைக்கு வண்டியக் குடுக்கப் போறீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மணி, நீங்க கேட்டீங்க, உள்ளதச் சொல்லிட்டேன். நானா யாருகிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா என்னைக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். மீட்டர் அவரு வச்ச இடத்துலயே இருக்கும். டியூபை மட்டும் எடுத்துட்டு, காத்த உள்ள இழுத்தாலும் தாங்கற நல்ல வேக்கம் ஹோஸ் போட்டுக் கிளிப் மாட்டணும். மாட்டட்டுமா?"

டியூபை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "மாத்திப்போடுங்க" என்றார். நான் ஹோஸை அளந்து வெட்டப் போனேன்.

வெள்ளிக்கிழமை

செந்தில் வண்டி பார்க்க வந்த ஆளோடு நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். சாந்தாமணி முன்னாலேயே வந்து, ஸ்டூலில் உட்காராமல் வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்னங்கண்ணா, வண்டி எப்படி இருக்குதுங்க? ஒண்ணுமில்லீங்கல்ல?" என்று என்னைத்தான் கேட்டார் செந்தில்.

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி முந்திக்கொண்டார்.

"இருந்துச்சுங்க தம்பி. மீட்டருக்குப் போற டியூப் காத்து உட்டிருக்குது. அதனாலதான் நின்னு நின்னு போயிருக்குது. எங்காலுக்கு ஒண்ணுமில்லீங்க."

"மீட்டரா? அது அண்ணன் போட்டதாச்சே. அண்ணன் தப்பாப் போட மாட்டாருங்க அண்ணி."

"போட்டுட்டாருங்க." குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "தெரியாமத்தான் போட்டுட்டாரு. வண்டி குடுக்கறதா இல்லீங்க தம்பி. சேவூருக்கு நானே போறேன். வந்தவருகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிப்போடுங்க."

செந்தில் என்னைப் பார்த்தார். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அண்ணனைக் குறை சொல்லிக் கேட்டது அவருக்கும் அதுதான் முதல் தடவையாக இருக்கும். வந்த ஆளைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப் போனார்.

சாந்தாமணி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். சூடாகட்டும் அம்மணி, அவசரப்படாதீங்க என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எஞ்சின் சூடேறி ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. வண்டி உதறவில்லை. ஊசி இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கி ஆடாமல் நின்றது.

நான் ஜன்னல் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. மீட்டரைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் பேசுகிற அதே அடங்கிய குரலில், மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்க, நானில்லீங்க. நீங்கதானுங்க."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். கணவர் செத்த வீட்டில் அழுதிருப்பார். இந்த அழுகையை அங்கே அழுதிருக்க முடியாது. அவர் அழுது முடிக்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.